வெர்னாவின் பெட்டி

"அவங்க உங்களுக்கு அப்படி என்னதான் பண்ணிட்டாங்க?" என்று புதுப் பாதிரியாரின் மனைவி ஒருமுறை நெல்டாவிடம் கேட்டாள்.

அந்தப் பெண் மார்லோவுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பேக்கரியில் சிவப்புச் சர்க்கரை பூசிய பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு டென்பிக்காரர்களின் நிறம். மார்லோவில் தீயணைப்பு வண்டிகூட வெள்ளைதான். ஆற்றுக்கு அக்கரையில் டென்பியிலோ, புல்லையும் மரத்தையும் தவிர வேறெதுவும் மார்லோவின் நிறமான பச்சையில் இருக்காது. அதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

நெல்டா வாயைத் திறந்தாள், மூடினாள், வெள்ளைச் சர்க்கரை பூசிய பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கடைக்காரர் லாய்ட்தான் அடுப்படியிலிருந்து கத்தினார். "என்ன பண்ணாங்களா? இருக்காங்களே, அது போதாதா?"

கடையே சிரித்தது. அது சரியான பதில் இல்லை என்று நெல்டாவுக்குத் தோன்றியது. ஆனால் சரியான பதில் எது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். வார்த்தைகளெல்லாம் அவளுக்கு உள்ளேயே வந்து, உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பத்தாம் வகுப்பில் பேச்சுப் பாடம் என்று ஒன்று வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும். நெல்டா போய் நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை. லாய்டின் ரொட்டி அடுப்புக்கு அவள் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி வெர்னா வாஸின் வயிற்றில் பிறந்தாள் என்பதை ஊரில் யாராலும் நம்ப முடியவில்லை.

மார்லோ கல்லூரிக்கும் டென்பி கல்லூரிக்கும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பந்தை உதைப்பதில் தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் அழைப்பு நடக்கும். மைதானத்தின் ஒரு பக்க வேலியோரம் மார்லோவின் ஆள் கவிழ்த்த பால் பெட்டி மேல் ஏறி நிற்பார், எதிர்ப்பக்க வேலியோரம் டென்பியின் ஆள். இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் வம்புக்கு இழுக்க வேண்டும். ஒலிபெருக்கி கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. எதிராளியின் தாய், நோய், சாவு மூன்றையும் தொடக் கூடாது. யார் பதில் இல்லாமல் நிற்கிறார்களோ, அவர்கள் ஊர் பேண்டு வாத்தியக்காரர்கள் ஆட்டத்தின் இடைவேளையில் எதிரியின் கல்லூரிப் பாட்டை வாசிக்க வேண்டும். தோற்ற ஆட்டத்தைக்கூட மறந்துவிடுவார்கள். தன் பிள்ளை தன் ட்ரம்பெட்டில் எதிரி பாட்டை ஊதியதை ஒரு தகப்பனும் மறந்ததில்லை.

இருபத்தாறு வருஷமாக மார்லோவின் பெட்டி வெர்னாவுடையது. அக்கரைப் பெட்டி ஆர்லோ ஹேவர்கேம்ப் என்ற பால்பண்ணைக்காரருடையது. வருஷத்தில் அந்த ஒரு நாளைத் தவிர அவர்கள் சந்தித்துக்கொண்டதே இல்லை. ஒருமுறை மட்டும், ஆறு கரையை உடைத்த வருஷம், டென்பிக்காரர்கள் படகுகளில் வந்து மார்லோவின் தெருக்களில் மணல் மூட்டை அடுக்கினார்கள். வரிசையில் மூட்டையைக் கைமாற்றியபோது ஆர்லோவுக்கு அடுத்து நின்றது வெர்னா. "உங்க ஊரு தண்ணிக்குள்ள போனா அப்புறம் நான் யாரைத் தோக்கடிக்கறது? பிடி!" என்று அவர் மூட்டையை எறிந்தார். "மூட்டையைத் தூக்கவே மூச்சு வாங்குது, இதுல தோக்கடிக்கப் போறாராம்!" என்று அவள் பிடித்து அடுத்தவரிடம் எறிந்தாள். இருட்டும்வரை இப்படியே போனதாம். அப்போது நெல்டா தொட்டிலில் கிடந்தாள்.

இருபத்தாறாவது வருஷம் முடிந்து, அடுத்த வசந்தத்தில் வெர்னாவின் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று.

கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மடியில் சின்ன வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டு, வெர்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் வேண்டும் என்றால் 'பால்' என்று எழுதுவாள். கதவைச் சாத்து என்றால் 'கதவு'. அதற்கு மேல் ஒன்றும் எழுதமாட்டாள். வம்பு இல்லாத அம்மாவை நெல்டா அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குள் யாரோ வெளியூர்க்காரி வந்து தங்கியிருப்பதுபோல இருந்தது.

ஊர் இந்தச் செய்தியை அக்கரைக்கு விடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும், டென்பியில் பெண் எடுத்தவர்கள்கூடச் சொல்லவில்லை. வெர்னா இல்லாத மார்லோ கதவு இல்லாத வீடு என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

கோடை முடிவில், இந்த வருஷம் பெட்டியில் ஏறுவது யார் என்று கல்லூரிக் கூடத்தில் கூடினார்கள். லாய்ட் முந்திக்கொண்டார். "என் குரலுக்கு என்ன குறை? நான் ரொட்டி வெந்துடுச்சுன்னு சொன்னா தபால் ஆபீஸ் வரைக்கும் கேக்கும்."

"கேக்கும்தான்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "அதுக்கப்புறம் என்ன சொல்லுவே? ரொட்டி ஆறிடுச்சுன்னா?"

சிரிப்பு அடங்கியபோது வெர்னா பலகையைத் தூக்கிக் காட்டினாள். அதில் 'நெல்டா' என்று எழுதியிருந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நெல்டாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "அம்மா, விளையாடாதே. கடையில எனக்கு விலை சொல்லவே வராது. விரலைக் காட்டறேன்."

வெர்னா எழுதினாள். 'போன வருஷம் டென்பி மாடு ஜோக் யாருது?'

"என்னுது."

'அதுக்கு முந்தின வருஷம்? பாலத்து ஜோக்?'

அதுவும் நெல்டாவுடையதுதான். சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டு அவள் முணுமுணுப்பதை அம்மா பிடித்துக்கொண்டுபோய் மைதானத்தில் வெடிப்பாள். நாலைந்து வருஷமாக அப்படித்தான். இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"என்னால முடியலைன்னா?" என்றாள் நெல்டா.

வெர்னா பலகையைத் துடைத்தாள். நிதானமாக எழுதி, திருப்பிக் காட்டினாள். 'அப்ப நான் ஏறுவேன். வாயைத் திறந்துக்கிட்டு நிப்பேன்.'

அம்மா சொன்னால் செய்வாள். நெல்டாவுக்கு அது தெரியும். அத்தனை பேர் முன்னால், சத்தம் வராத வாயைத் திறந்துகொண்டு. மூன்று மாதம் அந்தக் காட்சி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ரொட்டி அடுப்பின் முன்னால் கத்திப் பார்த்தாள். ஆற்றோரம் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கத்திப் பார்த்தாள். குரல் காரின் முன்கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

நவம்பரில் ஆட்டம். அந்த வருஷம் டென்பி மைதானத்தில்.

பாலத்தைத் தாண்டியதும் சிவப்பு. வீட்டுக் கதவு, தபால் பெட்டி, குழந்தைகளின் கையுறை, நாய்க்குப் போட்ட சட்டை எல்லாம் சிவப்பு. மைதானத்தின் வெளியே லாரிகளின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். புகை மூட்டமாக நின்றது. "வாங்க நாரைகளா, காலு ரெண்டும் ஜாக்கிரதை!" என்றார்கள் இறைச்சி வாட்டியவர்கள். நாரை மார்லோவின் சின்னம். டென்பிக்கோ கோவேறு கழுதை. "கழுதை சமைச்சா இப்படித்தான் நாறும்," என்று லாய்ட் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் நீட்டிய சாசேஜை வாங்கித் தின்றார்.

வெர்னாவின் நாற்காலியை வேலியோரம் போட்டார்கள். பக்கத்தில் பெட்டி.

அக்கரைக்காரர் தன் பெட்டியில் ஏறினார். ஆர்லோ ஹேவர்கேம்ப் பெரிய உருவம், சிவப்புத் தொப்பி, பனியில் தடித்துப்போன காதுகள். கையை இடுப்பில் வைத்து இந்தப் பக்கத்தைக் கண்ணால் துழாவினார். பெட்டியின் அருகில் நிற்கும் ஒல்லிப் பெண்ணைக் கண்டார். நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்திருந்த வெர்னா கூட்டத்தில் அவர் கண்ணில் படவில்லை. பேண்டு நின்றது. வழக்கப்படி சொந்த மைதானத்துக்காரர்தான் முதலில் தொடங்க வேண்டும்.

"எங்கே வெர்னா?" என்று முழங்கினார். "மார்லோவுல இருந்தது ஒரே ஒரு வாய்! அதையும் தொலைச்சுட்டு வந்துட்டீங்களா? இல்ல, எனக்குப் பயந்து தொண்டை கட்டிக்கிச்சா?"

சிவப்புப் பக்கம் இடிபோலச் சிரித்தது. பச்சைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும், ஒரே நேரத்தில், எல்லோரிடமிருந்தும்.

வெர்னா கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தொண்டைக் குழியில் போட்டிருந்த சின்னக் குழாயை நவம்பர் வெயில் எல்லோருக்கும் காட்டியது.

ஆர்லோவின் முகம் மாறியதை நெல்டா அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தாள். தன் கையாலேயே தன் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்ட ஆளைப்போல நின்றார். சிவப்புப் பக்கத்துச் சிரிப்பு வரிசை வரிசையாகச் செத்தது.

அழைப்புக்கு நடுவர், இரண்டு கரை மாடுகளுக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஸ்வென்சன். அந்த அம்மாள் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கினாள். பச்சைப் பக்கத்துக்கு நடந்து வந்தாள்.

"தெரியாமச் சொன்னாலும் சொன்னதுதான்," என்றாள். "நோயைத் தொட்டுட்டாரு. சட்டப்படி அழைப்புல ஜெயிச்சது நீங்க. நீ பேசவே வேண்டாம், கண்ணு. தலையாட்டு, போதும்."

பேசவே வேண்டாம். நெல்டாவின் உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல இதமாக இருந்தது. "ஆட்டு, ஆட்டு!" என்று லாய்ட் பின்னாலிருந்து முதுகில் குத்தினார். "இடைவேளையில நம்ம பாட்டு! அவங்க பேண்டுல! ஆட்டு பொண்ணே!"

நெல்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. பலகையில் ஒன்றும் எழுதவில்லை. மைதானத்தின் குறுக்கே, அந்தப் பெரிய உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பசி இருந்தது. 'பால்', 'கதவு' என்று எழுதிக்கொண்டிருந்தவள் இல்லை இவள். பழைய வெர்னா.

தலையாட்டினால் என்ன ஆகும் என்று நெல்டாவுக்கு அப்போது தெரிந்தது. ஆர்லோ தலைகுனிந்து இறங்குவார். இனி எந்த வருஷமும் மார்லோவைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்செடுக்க மாட்டார். நாளைக் காலையில் டென்பியிலிருந்து வீட்டுக்குப் பூங்கொத்து வரும். அனுதாப அட்டைகள் வரும். டென்பியிலிருந்து! அவளுக்கு உடம்பு கூசியது.

"வேண்டாம்," என்றாள்.

"என்ன சொன்னே? கேக்கல."

"ஆடறோம்னு சொன்னேன்."

பெட்டியில் ஏறினாள். பெட்டி ஆடியது. எதிரே சிவப்பாக ஒரு மலை. வாயைத் திறந்தாள். ஏதோ வந்தது. அவளுக்கே கேட்கவில்லை. "என்னது?" என்று மேல்வரிசையில் ஒருவர் கத்தினார். "சத்தமா!" என்றார் இன்னொருவர். நெல்டா இன்னொரு முறை முயன்றாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. வெர்னா கைப்பிடிகளை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆர்லோ அதைச் செய்தார். பெட்டி மேல் நின்றபடியே திரும்பி, தன் ஊரைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினார். பிறகு மெதுவாக, மாவைத் தட்டுவதுபோல, கைகளைக் கீழே இறக்கினார்.

பேச்சு நின்றது. காலடிப் பலகைகளின் கடகடப்பு நின்றது. பெரிய மேளத்தின் தோல்மேல் ஒருத்தி உள்ளங்கையை வைத்தாள். வேலிக்கு வெளியே சாசேஜ் விற்றவன் ஜெனரேட்டரை அணைத்தான். கொடிக்கம்பத்தில் கயிறு டங் டங் என்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைக்கவசம் போட்ட ஆட்டக்காரப் பையன்கள், கவசம் உரசாதபடி, சிலைகளாக நின்றார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் வாயில் ஏதோ திணிக்கப்பட்டது. அதற்கப்புறம் நெல்டாவுக்கு ஆறு கேட்டது. அங்கே மரங்களுக்குப் பின்னால், அத்தனை தூரத்தில், ஆறு போகும் சத்தம்.

ஆயிரக்கணக்கான பேர். அத்தனை பேரும் அவளுடைய எதிரிகள். அவள் தங்களை என்ன சொல்லித் திட்டப் போகிறாள் என்று கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொந்த ஊர் ஒருநாளும் அவளுக்கு இப்படிக் காது கொடுத்ததில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. பயத்தால் வந்த அழுகை இல்லை. கோயிலுக்குள் போனால் கூரையை அண்ணாந்து பார்ப்போமே, அப்படி ஏதோ ஒன்று.

வெர்னா மறுபடி உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரி டாக்டர் எங்கம்மாவைக் கேட்டாரு," என்றாள் நெல்டா. கத்தவில்லை. கத்தத் தேவையிருக்கவில்லை. "தொண்டை எப்படிம்மா இவ்வளவு தேஞ்சுதுன்னு. எங்கம்மா பலகையில எழுதிக் காட்டுனாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதை இருக்கு. இருபத்தாறு வருஷமா ஒரே விஷயத்தைச் சொல்றேன், அதுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குதுன்னு."

முதலில் சிரித்தது சிவப்புப் பக்கம்தான். பெரிய மேளத்துப் பெண் மேளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டர் ஸ்வென்சன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆர்லோ சிரிக்கவில்லை. வாயைத் திறந்து, வெர்னாவின் கழுத்தைப் பார்த்து, மூடினார். விட்டுக் கொடுத்துடாதீங்க, என்று நெல்டா உள்ளுக்குள் கெஞ்சினாள். பாவம் பார்த்துடாதீங்க. தயவுசெஞ்சு.

அவர் நெஞ்சு உப்பியது.

"கழுதைக்குக் காது பெருசு, பொண்ணே!" என்று முழங்கினார். "அதனாலதான் போன வருஷம் ஆட்டத்துல தோத்துட்டு ஊரே உக்காந்து அழுதீங்களே, அது ஆத்தைத் தாண்டி எனக்குக் கேட்டுச்சு! பசு மாடெல்லாம் பயந்து பால் சுரக்கல!"

வெர்னா நாற்காலியின் கையை ஓங்கி ஓங்கித் தட்டினாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். சத்தமில்லாமல், ஆறு மாதத்துக்கு அப்புறம்.

மறுபடி அந்த மௌனம் தானாகவே வந்து விழுந்தது. இந்த முறை ஆர்லோ கையைத் தூக்கக்கூட இல்லை.

"அழுதது நாங்க இல்லைங்க," என்றாள் நெல்டா. "ஒருவேளை அழைப்புல தோத்தா வாசிக்கணுமேன்னு எங்க பேண்டு உங்க காலேஜ் பாட்டைப் பழகுச்சு. எங்க ஊரு நாய்ங்களுக்கு நல்ல காது. தாங்க முடியாம ஊளை விட்டுதுங்க."

"நாய் ஊளை விட்டாலும் நாலு காலுல நின்னு விடும்!" ஆர்லோ காத்திருக்கவேயில்லை. "நீங்க கொடியில வெச்சிருக்கீங்களே ஒரு பறவை, எப்பப் பாரு ஒத்தைக் காலுல! சும்மா மடக்கி வெச்சிருக்கற அந்த இன்னொரு காலை உங்க உதைக்கிற பையனுக்காவது இரவல் குடுக்கலாமில்ல? போன வருஷம் கோல் கம்பம் அங்க இருக்கு, பந்து எங்க வீட்டுச் சோளக் காட்டுல கிடந்துச்சு!"

மைதானம் குலுங்கியது. மார்லோவின் பந்து உதைக்கும் பையன் தன் காலணியைக் குனிந்து பார்த்தான். அடி பலமாகத்தான் விழுந்தது. நெல்டா மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வரிகளைத் தேடினாள். ஒன்றுமில்லை. உள்ளே துடைத்துவிட்ட பலகைபோல இருந்தது. சிவப்பு மலை மௌனமாகக் காத்திருந்தது. எதிரே அந்தப் பெரிய மனிதர், முகமெல்லாம் சிவந்து, உயிரோடு, சின்னப் பையனைப்போல அவளுடைய பதிலுக்காகப் பெட்டியின் நுனியில் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஹேவர்கேம்ப்," என்றாள். "இந்தப் பக்கம் நாங்க வந்து நிக்கலைன்னா நீங்க யாரு தெரியுமா?"

"யாரு?" என்றார் அவர், தாங்க முடியாமல்.

"பால் பெட்டி மேல ஏறி நின்னு காத்தைத் திட்டற ஆளு."

மார்லோ பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. கிளம்பியது பாதியில் நின்றது. ஆர்லோ குனிந்து தன் காலுக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். நெல்டாவும் தன்னையறியாமல் தன் காலடியைப் பார்த்தாள்.

டாக்டர் ஸ்வென்சன் காத்திருந்தாள். ஆர்லோ நிமிர்ந்தார். வாய் அசைந்தது. ஏதோ ஒன்றை எடுத்து, பார்த்து, கீழே போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் போட்டார். அவர் நடிக்கவில்லை. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. டென்பிக்காரர்கள் இருக்கைகளிலிருந்து எழுந்து நின்றார்கள். "சொல்லு ஆர்லோ," என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். "ஏதாவது சொல்லுய்யா."

வெர்னா பலகையில் கிறுக்கினாள். தலைக்கு மேல் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். நெல்டா எட்டிப் பார்த்தாள். பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. 'பதில் சொல்லு, ஆர்லோ!'

அவர் அதைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

டாக்டர் கைக்குட்டையைப் பச்சைப் பக்கமாக இறக்கினாள். நெல்டாவின் பின்னால் ஊர் வெடித்தது. லாய்ட் அழுதுகொண்டே யாரையோ கட்டிப் பிடித்தார். யார் யாரோ அவள் கால்களைத் தொட்டார்கள், கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவள் திரும்பவில்லை. அம்மாவும் திரும்பவில்லை. பலகை இன்னும் அவள் தலைக்கு மேலேயே இருந்தது. வெற்றி வந்த பிறகும் அவள் பதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆர்லோ பெட்டியிலிருந்து இறங்கினார். சிவப்புத் தொப்பியைக் கழற்றினார். வெர்னா தன்னைப் பார்க்கிறாள் என்பது உறுதியாகும்வரை வெறுந்தலையோடு நின்றார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, இனி அது தனக்கு வேண்டாம் என்பதுபோலப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, வேலியோரமாக நடந்தார். அவர் ஊர்க்காரர்கள் விலகி வழி விட்டார்கள். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. அவர் வாசலைத் தாண்டி, புகைக்குள் நிற்கும் லாரிகளுக்கு நடுவே போய்விட்டார்.